அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்?

விஞ்ஞானி ஜி. என். இராமச்சந்திரன் அவர்களின் வாழ்வும் பணியும்

நம் தலைமுடிக்கும், மணமகள் உடுத்தும் பட்டுச் சேலைக்கும், நாம் காலில் அணியும் தோல் செருப்புக்கும் உள்ள உறவு யாது? விடுகதை போலத் தோன்றினாலும் இது விஞ்ஞானக் கேள்வியே. முடியில் இருப்பது கெரட்டின். பட்டில் இருப்பது ஃபைப்ராயின். தோலில் இருப்பது கொல்லாஜன். மூன்றும் புரதங்கள். மூன்றும் அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலிகளால் ஆனவை. ஆயினும் ஈரமான முடியை இழுத்தால் நீள்கிறது. பட்டு இழை அவ்வாறு நீள்வதில்லை. தோலோ பல ஆண்டுகள் மிதிபட்டும் கிழியாமல் உழைக்கிறது. சங்கிலி ஒரே வகையாக இருக்க, குணம் மட்டும் வேறுபடுவது ஏன்?

சங்கிலி எவ்வாறு வளைந்து நிற்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது. ஒரு மணிமாலையை எண்ணிப் பாருங்கள். எந்த மணிக்கு அடுத்து எந்த மணி என்ற வரிசையைப் புரதத்தின் முதல் நிலை அமைப்பு என்பர். அம்மாலை ஓரிடத்தில் சுருளாகச் சுற்றுகிறதா, மற்றோரிடத்தில் நேராக நீண்டு பக்கத்து இழையோடு ஒட்டிக் கிடக்கிறதா என்பது இரண்டாம் நிலை அமைப்பு. முழு மாலையும் மடிந்து கொள்ளும் உருவம் மூன்றாம் நிலை அமைப்பு. முடியின் கெரட்டின் ஆல்ஃபா சுருள். பட்டின் ஃபைப்ராயின் பீட்டா தகடு. இவ்விரண்டையும் 1951ஆம் ஆண்டு அமெரிக்காவில், கலிபோர்னியாவிலிருந்து லைனஸ் பாலிங், இராபர்ட் கோரி ஆகியோர் உலகிற்கு அறிவித்தனர். ஆல்ஃபா சுருள் பற்றிய கட்டுரையில் ஹெர்மன் பிரான்சன் என்பாரும் உடன் நின்றார். தோலின் கொல்லாஜன் இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது வகை. அதன் முடிச்சு 1954ஆம் ஆண்டு அவிழ்ந்தது. அவிழ்ந்த இடம் நம் சென்னை; அவிழ்த்தவர் பேராசிரியர் கோபாலசமுத்திரம் நாராயண இராமச்சந்திரன்.

இராமச்சந்திரன் என்றால் தமிழ்நாட்டில் வேறொருவர்தான் உடனே நினைவுக்கு வருவார். அதில் தவறில்லை. ஆனால் இயற்பியல் மூன்றாம் ஆண்டு மாணவனாகிய நான், உலகின் புரத ஆய்வுக்கூடங்களில் எல்லாம் நாள்தோறும் உச்சரிக்கப்படும் இந்த இராமச்சந்திரனை நம் கல்லூரி மலரின் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன். வரலாறும் வணிகவியலும் பயிலும் நண்பர்கள் இது நமக்கன்று எனப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். தன் மீது எழுந்த குறை ஒன்றை ஒரு மனிதர் எவ்வாறு எதிர்கொண்டார் என்பதே இக்கட்டுரையின் உட்பொருள். அது எல்லாத் துறையினர்க்கும் உரியது.

இளமையும் கல்வியும்

இராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் ஜி. ஆர். நாராயண ஐயர், தாயார் இலட்சுமி அம்மாள். தந்தையார் அவ்வூர் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். எனவே கணிதம் அவருக்கு வீட்டிலேயே கிடைத்த செல்வம். பின்னாளில் எந்தப் பொருளை ஆராய்ந்தாலும் அதைக் கணக்காக மாற்றிக் காணும் பழக்கம் அவரிடம் இருந்தது. அதன் வேர் இங்கேதான் என்று நான் எண்ணுகிறேன்.

இன்டர்மீடியட் வகுப்பை எர்ணாகுளத்தில் முடித்துத் திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் வகுப்பில் சேர்ந்தார். 1942இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டு பெங்களூரில் உள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின்பொறியியல் மாணவராக நுழைந்தார். அங்கே இயற்பியல் துறையில் சர் சி. வி. இராமன் இருந்தார். இம்மாணவரின் கூர்மையைக் கண்ட இராமன், மின்பொறியியலிலிருந்து அவரைத் தம் துறைக்கு மாற்றிக்கொண்டார். அந்த மாற்றம் நிகழாதிருந்தால் நாடு ஒரு நல்ல மின்பொறியாளரைப் பெற்றிருக்கும்; புரத விஞ்ஞானம் தன் வரைபடத்திற்காக இன்னும் எத்தனை ஆண்டுகள் காத்திருந்திருக்குமோ!

இராமனிடம் அவர் கற்றவை ஒளியியலும் படிகவியலும். வைரத்தின் மீது இராமனுக்கு இருந்த தீராத ஆர்வம் மாணவரையும் தொற்றியது. எக்ஸ் கதிர்களைக் கொண்டு வைரத்தை ஆராய்ந்து 1944இல் கட்டுரை வெளியிட்டார். 1947இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டி.எஸ்ஸி. பட்டம் அளித்தது. அவ்வாண்டே இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் கேவன்டிஷ் ஆய்வுக்கூடத்தில் வூஸ்டர் என்பாரின் கீழ்ப் பணியாற்றி, 1949இல் பி.எச்டி. பட்டமும் பெற்றுத் தாயகம் திரும்பினார். கேம்பிரிட்ஜில் இருந்த நாளில் பாலிங்கின் சொற்பொழிவுகளைக் கேட்கும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தது. மூலக்கூறுகளின் உருவத்தை மாதிரிகள் கட்டிப் பார்த்தே கண்டறியலாம் என்ற எண்ணம் அங்கு விதையாக விழுந்தது எனலாம்.

கிண்டியில் ஒரு துறை

1952ஆம் ஆண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் விளங்கினார். புதிய இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்குமாறு அவர் இராமனை அழைத்தார். இராமன் தம் மாணவரின் பெயரைச் சொன்னார். முப்பது வயதுகூட நிறையாத இளைஞரிடம் ஒரு துறையையே ஒப்படைக்கத் துணைவேந்தர் தயங்கவில்லை. இன்றும் வியக்கத்தக்க துணிவு அது.

கிண்டி வளாகத்தில் எக்ஸ் கதிர் ஆய்வுக்கூடம் உருவாயிற்று. ஆனால் அங்கே எதை ஆராய்வது? இக்கேள்வியோடு இராமச்சந்திரன் இருந்த வேளையில் பிரிட்டிஷ் படிகவியல் அறிஞர் ஜே. டி. பெர்னால் சென்னைக்கு வந்தார். பேச்சு புரதங்களின் பக்கம் திரும்பியது. கொல்லாஜனுக்கு அதுவரை பலர் கூறிய அமைப்புகளில் எதுவும் நிறைவானதாக இல்லை என்று பெர்னால் சுட்டிக்காட்டினார். இராமச்சந்திரன் அதைப் பற்றிக்கொண்டார். கொல்லாஜனைத் தேடி அவர் வெகுதூரம் அலைய வேண்டியிருக்கவில்லை. கிண்டி வளாகத்திற்கு அருகிலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தோல் என்பதே பெரும்பாலும் கொல்லாஜன் அன்றோ! கங்காருவின் வால் தசைநாணும் ஆய்வுக்கு வந்து சேர்ந்தது. அதில் கொல்லாஜன் இழைகள் ஒழுங்காக ஒரே திசையில் அமைந்திருப்பதால் எக்ஸ் கதிர்ப் படம் தெளிவாக விழும்.

முப்புரிக் கயிறு

இப்பணியில் அவருக்குத் துணை நின்றவர் கோபிநாத் கர்த்தா. இருவர் கையிலும் இரண்டு தடயங்கள் இருந்தன. ஒன்று எக்ஸ் கதிர்ப் படம். மற்றொன்று வேதியியலார் தந்த செய்தி: கொல்லாஜனில் உள்ள அமினோ அமிலங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிளைசின். அமினோ அமிலங்கள் எல்லாவற்றிலும் மிகச் சிறியது கிளைசின். மற்றவற்றுக்குப் பக்கக் கிளையாக அணுக் கூட்டம் ஒன்று தொங்கும். கிளைசினுக்கோ ஒரே ஒரு ஹைட்ரஜன் அணுதான்.

மூன்றில் ஒன்று சிறியதாக இருப்பது தற்செயலா? இருவரும் அவ்வாறு கருதவில்லை. கயிறு திரிப்பவரைப் பாருங்கள். மூன்று புரிகளை ஒன்றாக முறுக்கும்போது கயிற்றின் நடுவில் மிகக் குறுகிய இடமே எஞ்சும். கொல்லாஜனும் அவ்வாறே மூன்று சங்கிலிகள் முறுக்கிய முப்புரிக் கயிறாக இருந்தால், ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றுக்கு ஒரு முறை ஓர் அமினோ அமிலம் அந்த நடுவிடத்தை நோக்கி நிற்கும். அங்கே கிளைசினைத் தவிர வேறெதற்கும் இடம் போதாது. ஆகவே ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் இருந்தாக வேண்டும். வேதியியல் கணக்கும் எக்ஸ் கதிர்ப் படமும் ஒரே இடத்தில் வந்து சந்தித்தன. 1954இல் இம்முப்புரி அமைப்பு நேச்சர் இதழில் வெளியாயிற்று. அடுத்த ஆண்டு மூன்று சுருள்களும் தமக்குள் மேலும் ஒருமுறை முறுக்கிக்கொள்வதாக அமைப்பைத் திருத்தி மீண்டும் வெளியிட்டனர்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய துறை, இரண்டே பேர், பாலிங்கின் கூடத்தையும் கேம்பிரிட்ஜையும் போன்ற வசதிகள் ஏதுமில்லை. அத்தகைய இடத்திலிருந்து எழுந்த முதற்குரல் உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

எழுந்தது எதிர்ப்பு

திரும்பிப் பார்த்தவர்கள் எல்லாரும் கைதட்டவில்லை. 1955இல் அதே நேச்சர் இதழில் அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் இருவரும் கொல்லாஜன் பற்றி எழுதினர். இந்தக் கிரிக், அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளைக் கண்ட அதே கிரிக்தான். மூன்று சங்கிலிகள் என்ற அடிப்படையை அவர்கள் ஏற்றனர். ஆனால் சென்னை அமைப்பில் சில அணுக்கள் ஒன்றையொன்று அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்றனர். மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்று சென்னை கூறியிருந்தது. அதற்கு இடமில்லை, ஒன்றுதான் இருக்க முடியும் என்றனர்.

இங்கே சற்று நிற்போம். இளைய துறை ஒன்றின் முதல் பெரும் படைப்பு உலகின் மிகப் பெரிய ஆய்வுக்கூடத்தால் குறை கூறப்படுகிறது. இந்நிலையில் ஒருவர் செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, வாயடைத்துப் போய் வேறு வேலை பார்ப்பது. மற்றொன்று, தம் கட்சியை விடாமல் வாதாடிக்கொண்டே இருப்பது. இராமச்சந்திரன் வாதாடாமல் இல்லை. ஆனால் வாதத்தோடு நிற்கவில்லை என்பதே அவர் பெருமை. அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டன என்றால், அந்த அளவு எது? அதை வகுத்தவர் யார்? பிணைப்பில்லாத இரண்டு அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம்? இக்கேள்விகளை அவர் எழுப்பினார். குறை கூறியவரிடமும் இதற்கு நிறைவான விடை இல்லை. குறைக்கு ஆளானவரிடமும் இல்லை. ஏனெனில் அதை யாரும் முறையாக அளந்து வைக்கவில்லை.

அவரும் அவர் மாணவர்களும், அதுவரை எக்ஸ் கதிர்களால் ஆராயப்பட்டு வெளியாகியிருந்த அமினோ அமிலப் படிகங்களையும் சிறு பெப்டைடுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, அணுக்களுக்கு இடைப்பட்ட தொலைவுகளைத் தொகுத்தனர். அத்தொகுப்பிலிருந்து இருவகை எல்லைகள் கிடைத்தன. இயல்பாக நெருங்கும் எல்லை ஒன்று. மிக அருகி நிகழும் இறுதி எல்லை மற்றொன்று. எடுத்துக்காட்டாக, இரண்டு கரி அணுக்கள் இயல்பாக 3.2 ஆங்ஸ்ட்ராம் வரை நெருங்கலாம்; இறுதி எல்லை 3.0 ஆங்ஸ்ட்ராம். இரண்டு ஹைட்ரஜன் அணுக்களுக்கு 2.0, இறுதி எல்லை 1.9. ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிக் கூறாக்கினால் வரும் ஒரு கூறு.

இரண்டு அட்டைகளும் ஒரு களிமண் உருண்டையும்

இந்த எல்லைகளை வைத்து அவர் செய்ததை விளக்க, நான் விடுதி அறையில் செய்து பார்த்த ஒரு மாதிரியை இங்கே கூறுகிறேன். செலவு ஏதுமில்லை; யாரும் செய்யலாம்.

இரண்டு தபால் அட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அட்டையின் ஒரு மூலையிலும் ஓர் ஈர்க்குச்சியை ஒட்டுங்கள். இரண்டு ஈர்க்குச்சிகளின் முனைகளையும் சிறிய களிமண் உருண்டை ஒன்றில், ஏறக்குறைய 110 பாகைக் கோணத்தில் குத்துங்கள். அட்டையின் ஓர் ஓரத்தில் ஆக்ஸிஜனுக்கு ஒரு புளியங்கொட்டையும், எதிர் ஓரத்தில் ஹைட்ரஜனுக்கு ஒரு மிளகும் ஒட்டுங்கள். மாதிரி முடிந்தது.

அட்டை என்பது பெப்டைடு பிணைப்பு. அதிலுள்ள ஆறு அணுக்கள் ஒரே தளத்தில் கிடக்கும். அதை எளிதில் முறுக்க முடியாது என்று பாலிங் ஏற்கெனவே காட்டியிருந்தார். அதனால்தான் அட்டையைக் கொண்டோம். களிமண் உருண்டை என்பது இரண்டு தளங்களையும் இணைக்கும் ஆல்ஃபா கரி அணு. இப்போது ஒவ்வோர் அட்டையையும் அதன் ஈர்க்குச்சியை அச்சாகக் கொண்டு சுழற்றலாம். ஓர் அட்டையின் சுழற்சிக் கோணத்திற்கு ஃபை என்றும், மற்றதன் கோணத்திற்குச் சை என்றும் பெயர். புரதச் சங்கிலியின் முதுகெலும்புக்கு உள்ள சுதந்திரமெல்லாம் ஏறத்தாழ இவ்விரண்டு கோணங்கள்தாம். சங்கிலி நெடுகிலும் இவ்விரண்டு கோணங்களையும் சொல்லிவிட்டால் அதன் வளைவையும் சுருளையும் சொன்னதாகிவிடும்.

அட்டைகளைச் சுழற்றிப் பாருங்கள். சில நிலைகளில் தாராளமாகச் சுழலும். சில நிலைகளில் புளியங்கொட்டை புளியங்கொட்டையோடு முட்டும். வேறு சில நிலைகளில் மிளகும் மிளகும் இடிக்கும். முட்டும் நிலைகள் எல்லாம் இயற்கைக்கு ஆகாதவை. முட்டாத நிலைகள் மட்டுமே புரதத்திற்கு உரியவை. இதுதான் இராமச்சந்திரன் கண்ட எளிய உண்மை.

நான் கண்ணால் பார்த்து நிறுத்தியதை அவர் கணக்கால் முடித்தார். ஃபை கோணத்தைக் கிடையாகவும் சை கோணத்தை நெடுகவும் வைத்து ஒரு சதுரம் வரைந்தால், அதன் ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிலை. கோணங்களைப் பத்துப் பத்துப் பாகையாக நகர்த்தினால்கூட 36ஐ 36ஆல் பெருக்க 1,296 நிலைகள் வரும். ஒவ்வொரு நிலையிலும் பிணைப்பில்லாத அணு இணைகள் ஒவ்வொன்றின் தொலைவையும் கணக்கிட்டு, எல்லையோடு ஒப்பிட வேண்டும். இன்று நம் கைப்பேசி ஒரு நொடியில் முடித்துவிடும் கணக்கு இது. அன்று அதை மேசைக் கணக்கிடும் இயந்திரத்தின் முன் அமர்ந்து பொறுமையாகச் செய்தனர். இப்பணியில் அவரோடு நின்றவர்கள் சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவரும். நோபல் பரிசு பெற்ற வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் வேறு, இவர் வேறு.

1963இல் மூலக்கூறு உயிரியல் இதழ் ஒன்றில் மூவர் பெயரிலும் ஐந்தே பக்கக் கட்டுரை வெளிவந்தது. உலகம் இன்று இராமச்சந்திரன் வரைபடம் என்று அழைப்பது அதைத்தான்.

வரைபடம் சொன்ன செய்தி

அந்தச் சதுரத்தைப் பார்த்தால் கடலும் தீவுகளும் போல் இருக்கும். கடல் என்பது அணுக்கள் முட்டிக்கொள்ளும் பகுதி; தீவுகள் முட்டாத பகுதி. கிளைசின் நீங்கலான அமினோ அமிலங்களுக்குச் சதுரத்தில் நாலில் மூன்று பங்கு கடலே. எஞ்சியது சில தீவுகள். இத்தீவுகளில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்தபோதுதான் வியப்பு காத்திருந்தது.

ஒரு தீவில் பாலிங்கின் ஆல்ஃபா சுருள் இருந்தது. ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள் கொண்ட அச்சுருளின் கோணங்கள் ஏறத்தாழ எதிர்மறை 57, எதிர்மறை 47 பாகை. மற்றொரு பெரிய தீவில் பட்டின் பீட்டா தகடு இருந்தது. அதே தீவின் ஒரு பக்கத்தில் கொல்லாஜனின் முப்புரியும் இருந்தது. இடப்புறமாகச் சுற்றும் சுருளுக்குச் சிறு திட்டு ஒன்று தனியே கிடந்தது. கிளைசினுக்கு மட்டும் நிலப்பரப்பு மிக அதிகம். முட்டுவதற்குப் பக்கக் கிளை இல்லையே! புரதச் சங்கிலி திடீரெனத் திரும்ப வேண்டிய இடங்களில் கிளைசின் அடிக்கடி காணப்படுவதற்கும் இதுவே காரணம்.

முடி, பட்டு, தோல் ஆகிய மூன்றும் ஒரே படத்தில் தத்தம் இடத்தில் அமர்ந்துவிட்டன. பாலிங் 1948இல் ஆக்ஸ்ஃபோர்டில் நோயுற்றுப் படுத்திருந்தபோது, காகிதத்தில் சங்கிலியை வரைந்து மடித்து மடித்து ஆல்ஃபா சுருளைக் கண்டார் என்பது வரலாறு. அவர் கண்டது ஓர் அழகிய உருவம். இராமச்சந்திரன் கண்டதோ எந்த உருவம் இயலும், எது இயலாது என்ற விதி. இரண்டாம் நிலை அமைப்புகள் ஏன் கணக்கற்றனவாக இல்லாமல் விரல்விட்டு எண்ணும்படி இருக்கின்றன என்பதற்கு அந்த விதி விடை கூறியது.

விதி உண்மையா என்பதை இயற்கையிடமே கேட்க வேண்டும் அல்லவா? 1960இல் கென்ட்ரூ குழுவினர் மயோகுளோபின் என்ற புரதத்தின் அமைப்பை அணு அளவுக்குக் கண்டிருந்தனர். 1965இல் லைசோசைமின் அமைப்பு வந்தது. அவற்றின் கோணங்களை வரைபடத்தில் இட்டபோது ஏறக்குறைய எல்லாப் புள்ளிகளும் தீவுகளிலேயே விழுந்தன. ஒரு புரதத்தையும் நேரில் காணாமல், மேசை முன் அமர்ந்து போட்ட கணக்கு பலித்தது.

கொல்லாஜன் வழக்கு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். நேர்மையாகச் சொல்வதானால் தீர்ப்பு இரு பக்கத்திற்கும் பங்கு வைத்தது. 1994இல் கொல்லாஜனைப் போன்ற ஒரு பெப்டைடின் படிகம் நுட்பமாக ஆராயப்பட்டது. மூன்று புரி, நடுவில் கிளைசின் என்ற சென்னைக் கொள்கை உறுதியாயிற்று. மூன்று அமினோ அமிலங்களுக்கு நேரடி ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றே என்ற ரிச், கிரிக் கூற்றும் உறுதியாயிற்று. ஆனால் அந்த வழக்கிலிருந்து கிளைத்த வரைபடமோ, வழக்கைவிடப் பெரியதாக வளர்ந்து நிற்கிறது. 2 லட்சத்திற்கும் மேற்பட்ட அமைப்புகள் உலகப் புரதத் தரவகத்தில் இன்று உள்ளன. புதிதாக எந்த அமைப்பு வந்தாலும் இவ்வரைபடத்தில் இட்டுப் பார்ப்பது வழக்கம். பல புள்ளிகள் கடலில் விழுந்தால் அந்த அமைப்பின் மீது ஐயம் எழும். புரதங்களின் உருவத்தைக் கணினி கொண்டு முன்கூட்டிச் சொல்லும் முறைக்கு 2024இல் நோபல் பரிசு கிடைத்ததை அறிவோம். அக்கணினிகள் வரையும் உருவங்களும் இந்த உரைகல்லில் உரசப்படுகின்றன.

பிற்காலம்

சென்னைத் துறையில் 1963இலும் 1967இலும் நடந்த பன்னாட்டுக் கருத்தரங்குகளுக்கு உலக அறிஞர்கள் வந்தனர். 1961இல் பட்நாகர் பரிசு அவரை அடைந்தது. 1970இல் அவர் சென்னையை விட்டு நீங்கினார். 1971இல் பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தோற்றுவித்தார். அதே ஆண்டில் ஏ. வி. இலட்சுமிநாராயணனோடு சேர்ந்து, பல கோணங்களில் எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்களிலிருந்து ஒரு பொருளின் உள் உருவத்தை விரைவாகக் கணக்கிட்டு எடுக்கும் முறையை வெளியிட்டார். மருத்துவமனைகளில் சி.டி. ஸ்கேன் எனப்படும் கருவிகளின் கணக்கு முறைக்கு வழிகாட்டியவற்றுள் அதுவும் ஒன்று. ஒரே மனிதர் இரு துறைகளில் இப்படி அடித்தளம் இடுவது அரிது.

1977இல் இலண்டன் ராயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1999இல் பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியம் எவால்டு பரிசை அளித்தது. நோபல் பரிசு மட்டும் அவரை வந்தடையவில்லை. வாழ்வின் இறுதி ஆண்டுகள் நோயோடு கழிந்தன. துணைவியார் இராஜலட்சுமி அம்மையார் 1998இல் மறைந்தது அவரைப் பெரிதும் வாட்டியது. 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் அவர் மறைந்தார். கொல்லாஜன் பணியில் உடன் நின்ற கோபிநாத் கர்த்தா, அமெரிக்கா சென்று 1967இல் ரைபோநியூக்ளியேஸ் என்ற புரதத்தின் அமைப்பைக் கண்டவர்களுள் ஒருவரானார். கிண்டியில் ஏற்றிய விளக்கு பல இடங்களில் எரிந்தது.

முடிவாக

இவர் வாழ்விலிருந்து நாம் கற்க வேண்டியது யாது? ஆய்வுக்கூட வசதி இல்லை, நூலகத்தில் புதிய நூல் இல்லை என்று நம்மில் பலர் குறைப்பட்டுக்கொள்கிறோம். அக்குறைகள் மெய்யானவை, அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஐந்து பக்கக் கட்டுரைக்குத் தேவைப்பட்டவை பிறர் வெளியிட்ட அளவுகளும், ஒரு கணக்கிடும் இயந்திரமும், விடாமுயற்சியும்தாம். அவற்றுக்கெல்லாம் மேலாகத் தேவைப்பட்டது ஒரு கேள்வி. தம்மைக் குறை கூறியவர்களின் சொல்லிலிருந்தே அந்தக் கேள்வியை அவர் எடுத்துக்கொண்டார்.

நம் கட்டுரையில் பேராசிரியர் சிவப்பு மையால் அடிக்கோடு இட்டால் நமக்கு வருத்தம் வருகிறது. கருத்தரங்கில் ஒருவர் எழுந்து மறுத்தால் சினம் வருகிறது. அது இயல்பே. ஆனால் வருத்தமும் சினமும் தணிந்த பின், அந்த மறுப்புக்கு அடியில் யாரும் இதுவரை அளந்து பார்க்காத அளவு ஏதேனும் கிடக்கிறதா என்று ஒருமுறை தோண்டிப் பார்ப்போம். மாதிரியைச் செய்து பார்க்க விரும்பும் நண்பர்கள் இரண்டு அட்டையோடு விடுதிக்கு வரலாம். புளியங்கொட்டையும் மிளகும் என்னிடம் உள்ளன.